பசியில்லாதவர் வாங்கிய மீன்

கடலூர் முதுநகரிலிருந்து காலை பாசஞ்சரில் சிதம்பரத்துக்கு மீன் கொண்டுபோய் விற்பவள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடியும் நேரத்தில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு அடுக்கி, ரயில் பெட்டியின் கதவோரம் உட்கார்ந்துகொள்வேன். ஆலப்பாக்கத்தில் ஏறுகிறவர்கள் சிலர் மூக்கைப் பொத்துவார்கள். பரங்கிப்பேட்டையில் ஏறுகிறவர்கள் இன்றைக்கு என்ன மீன் என்று கேட்பார்கள். இரண்டு பேருக்கும் நான் ஒரே முகத்தைத்தான் காட்டுவேன். இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் என் மீனைப் பற்றியும் என் தராசைப் பற்றியும் இதுவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனசு வராது.

எங்களுக்குப் போணி முக்கியம். அன்றைக்கு முதலில் வாங்குகிறவர் கை எப்படியோ, அப்படித்தான் அன்றைய வியாபாரம் என்று நம்புகிறோம். சிலர் கை பட்டால் வெயில் ஏறுவதற்குள் கூடை காலியாகிவிடும். சிலர் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, கடைசியில் வேண்டாம் என்று கதவைச் சாத்துவார்கள். அன்று முழுக்க நான் ஐஸ் தண்ணீரைத்தான் சுமந்துகொண்டு நடப்பேன். அதனால் நல்ல கை உள்ள வீட்டுக்கு முதலில் போய்விடுவது வழக்கம். எனக்கு அப்படி ஒரு வீடு உண்டு. ஸ்டேஷனிலிருந்து மூன்றாவது தெரு, பச்சைக் கதவு. அந்த வீட்டு அம்மா காலேஜில் பாடம் நடத்தி ரிட்டையரானவர். தெருவுக்கெல்லாம் அவர் டீச்சர். எனக்கும் டீச்சர்தான்.

முதல் வருஷமே ஒரு நாள், மீனைச் செதில் போக உரசிக்கொண்டே அவரிடம் கேட்டேன்.

"நீங்க காலேஜ்ல என்னா பாடம் நடத்துறீங்க டீச்சர்?"

"தத்துவம்."

"சாமி பாடமா?"

"சாமியும் வரும். நான் நடத்துறது வேற. மனுஷன் ஒரு காரியத்த ஏன் செய்றான்னு கேக்கறது."

"இதுக்கு ஒரு பாடமா? வேணும்னு தோணுது, செய்றான்."

"பாதிப் பேரு அப்படித்தான் சொல்றாங்க. மீதிப் பேரு இல்லங்கறாங்க. சண்டை இன்னும் முடியல."

"எத்தினி நாளா நடக்குது?"

"ரெண்டாயிரம் வருஷமா."

"எங்க குப்பத்துல வலை கிழிஞ்ச சண்டையே மூணு நாள்ல பஞ்சாயத்துல தீந்துடும். ரெண்டாயிரம் வருஷமா என்னா பண்றீங்க?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவருடைய கணவரும் சிரித்தது கேட்டது. அன்றிலிருந்து நான் மீன் சுத்தம் செய்யும் பத்து நிமிஷமும் எங்களுக்கு அதுதான் பேச்சு. மற்ற வீடுகளில் மாமியாரைப் பற்றியும் சீரியலைப் பற்றியும் பேசுவார்கள். இந்த வீட்டில் ஆசை என்றால் என்ன, நன்றாக இருப்பது என்றால் என்ன என்று பேசுவோம்.

ஆசைப்பட்டது கிடைத்தால் மனுஷன் நன்றாக இருக்கிறான் என்று ஒரு கட்சி இருக்கிறதாம். டீச்சர் அதைச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க வூட்டுக்காரரு ஆசைப்பட்டது அத்தினியும் கெடச்சவரு. சாராயம் கெடச்சுது, சீட்டாட்டம் கெடச்சுது, திட்டறதுக்கு நானும் கெடச்சேன். ஈரல் கெட்டு நாப்பத்தாறு வயசுல போய்ச் சேந்தாரு. நல்லா இருந்தாரா?"

"அவர் ஆசை தப்பான ஆசை, தெளிஞ்சு யோசிச்சிருந்தா வேற ஆசப்பட்டிருப்பாருன்னு அந்தக் கட்சிக்காரங்க சொல்லுவாங்க."

"தெளிஞ்சாத்தான யோசிக்கறதுக்கு?"

இன்னொரு நாள் மசக்கையைப் பற்றிச் சொன்னேன். மூத்தவன் வயிற்றிலிருந்தபோது செங்கல்லைப் பார்த்தால் எனக்கு எச்சில் ஊறும். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை உடைத்து வாயில் அடக்கிக்கொள்வேன். அந்த ஆசைக்கு முன்னால் பிரியாணி ஒன்றுமில்லை. "அவ்ளோ ஆசப்பட்டேன் டீச்சர். அதுக்காக செங்கல் நல்ல பொருளாயிடுமா? திங்கறதுக்கு அது ஒரு காரணமா?" என்று கேட்டேன். அந்த வாரமே அவர் என் செங்கல்லை வகுப்பில் சொன்னாராம். பிள்ளைகள் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்களாம். காலேஜ் வாசலை நான் மிதித்ததில்லை. என் பேச்சு உள்ளே போய் வந்திருக்கிறது. அன்று ரயிலில் திரும்பும்போது, மூக்கைப் பொத்துகிறவர்கள் நன்றாகப் பொத்திக்கொள்ளட்டும் என்று கூடையை நடுவில் வைத்து உட்கார்ந்தேன்.

இப்படியே வருஷங்கள் போயின. டீச்சர் ரிட்டையரானார். அவர் மகள் கல்யாணமாகி வெளிநாடு போனாள். போன ஐப்பசி மழையில் டீச்சருடைய கணவர் இறந்துபோனார். படுக்கையில் கிடக்காமல், தூக்கத்திலேயே போனார். காரியம் முடிந்து பதினேழாம் நாள் நான் போனேன். டீச்சர் அழவில்லை. வழக்கம்போல் வாங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அரைக்கிலோ கால் கிலோவானது. தை மாதத்தில் ஒரு நாள் கதவைப் பாதி திறந்து, "இன்னிக்கு வேணாம்மா" என்றார். மறுநாளும் வேண்டாம் என்றார். ரவிக்கையின் கை தொளதொளவென்று தொங்கியது. கழுத்தெலும்பு தெரிந்தது.

"ஒடம்புக்கு என்னா டீச்சர்?"

"ஒண்ணும் இல்லையாம். டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டாரு. மாத்திரை குடுத்திருக்காரு, போட்டுக்கறேன். பசிக்கல. அவ்வளவுதான்."

"எதாவது ஆசையா கேளுங்க, செஞ்சு எடுத்தாறேன். சுறாப்புட்டு? நெத்திலி வறுவல்?"

"அதான் சொல்றேன். ஆசையே இல்ல. சாப்பாட்டு மேல மட்டும் இல்ல. புஸ்தகம், டி.வி., மக பேசறது, எதுவும் வேணும்னு தோணல. வேணும்னு தோணாதப்ப ஒண்ண எதுக்குச் செய்யணும்னு எனக்குத் தெரியல. முப்பது வருஷம் இதைத்தான் ரெண்டு பக்கமும் பேசிப் பாடம் நடத்தினேன். கடைசில, ஆசைதான் காரணம்னு அந்தப் பாதிப் பேரு சொன்னதுதான் சரி போலிருக்கு."

சண்டை போடாமல், குரலை ஏற்றாமல் அவர் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று அவருடைய போனில் மகள் கூப்பிட்டாள். டீச்சர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். "எம்மா, நீங்க தினம் பாக்கறீங்க. அம்மா சாப்பிடறாங்களா? அடுத்த மாசம் டாக்டர் எடை பாக்கறப்ப இன்னும் கொறஞ்சிருந்தா நான் லீவு போட்டு வந்து, வீட்டப் பூட்டிட்டு, சென்னையில ஒரு ஹோம்ல சேத்துடுவேன். எனக்கு வேற வழி தெரியல" என்று அழுதாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டால் டீச்சர் சென்னையில் எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குத் தோன்றியது. ஆசையில்லாதவரைப் புது இடத்தில் கொண்டுபோய் வைத்தால் அங்கே மட்டும் ஆசை வந்துவிடுமா?

மறுநாள் நான் ஒரு பொய் சொன்னேன்.

"டீச்சர், நீங்க போணி பண்ணாததுலேர்ந்து என் வியாபாரம் படுத்துடுச்சு. நேத்து பாதி மீனு திரும்பி வந்துச்சு. உங்களுக்காக இல்ல, எனக்காக வாங்குங்க. கால் கிலோ போதும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் எடுத்து வந்தார். கிழங்கான் கொடுத்தேன். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் கொடுக்கிற மீன் அது. லேசாக இருக்கும், முள் குறைவு. அதன் பிறகு தினமும் கிழங்கான்தான். தினமும் வாங்கினார். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தின் மேல் ஒரு திமிர் வந்துவிட்டது. படித்தவர்கள் தீர்க்காததை நான் ஒரு பொய்யில் தீர்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் இருக்கும். ஒரு நாள் அந்தத் தெருவின் பின்சந்து வழியாக வந்தேன். டீச்சர் வீட்டுப் பின்சுவர் ஓரம் இரண்டு பூனைகள். ஒன்றின் வாயில் முழுக் கிழங்கான். கிட்டப் போய்ப் பார்த்தேன். மீன் அறுப்பதில் எனக்கு ஒரு விதம் உண்டு. தலையை எடுக்க மாட்டேன், வலது பக்கம் மட்டும் கீறிச் செவுளை உருவிவிடுவேன். எங்கள் அம்மாவிடமிருந்து வந்த கைப்பழக்கம் அது. சிதம்பரத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. பூனை வாயிலிருந்தது என் கை அறுத்த மீன்.

சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தட்டினேன் என்றா சொன்னேன், இடித்தேன்.

"என் மீன பூனைக்கா போட்டீங்க?"

"போட்டேன்."

"முப்பது வருஷத்துல ஒருத்தரு என் மீன கீழ போட்டதில்ல டீச்சர்!"

"கத்தாத. நீ என்ன கேட்ட? போணி பண்ணுங்கன்னு கேட்ட. பண்ணேன். சாப்பிடுங்கன்னு நீ கேக்கலியே."

"மீனு எதுக்கு வாங்கறது? அழகு பாக்கறதுக்கா?"

"வாங்கறதுக்கு எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு. நீ வந்து நிக்கற. சாப்பிடறதுக்கு இல்ல. ஒண்ணுக்கு உள்ள காரணம் இன்னொண்ணுக்கு ஆகாது."

மீனைக் கவ்விய பூனையைக்கூட மன்னித்துவிடலாம், இந்தப் பேச்சை மன்னிக்க முடியாது. கூடையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"சரி, நானும் ஒண்ணு சொல்லிடறேன். வியாபாரம் படுத்துடுச்சுன்னு சொன்னது பொய்யி."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"பதினோரு மணிக்கு காலிக் கூடைய ஆட்டிக்கிட்டு இந்தத் தெரு வழியாத்தான ஸ்டேஷனுக்குப் போற. எனக்குப் பசிதான் இல்ல, கண்ணு இருக்கு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை.

"அப்ப எதுக்கு தினம் வாங்குனீங்க? மீனு மேல ஆசையா?"

"இல்ல."

"பசியா?"

"இல்ல."

"எனக்கு ஒதவின்னு சொல்லவும் முடியாது. பொய்யின்னுதான் தெரியுமே. பின்ன எதுக்கு?"

அவர் கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டார். "எழுபது வயசுல நீ ஒரு பொய் சொல்றதுக்கு அவ்ளோ கஷ்டப்பட்ட. மொகமெல்லாம் வேர்த்துப் போச்சு. அத வீணாக்கக் கூடாதுன்னு தோணிச்சு" என்றார்.

"பாத்தீங்களா? ஆசையில்லாமலே பதினஞ்சு நாளா ஒண்ண செஞ்சிருக்கீங்க. அதே மாதிரி ரெண்டு வாய் சோத்தையும் தின்னுட்டுப் போவலாம்ல?"

"வாசல்ல நின்னு சொல்றது சுலபம். நீ செய்வியா? ஒனக்குக் கொஞ்சங்கூடப் பிடிக்காத ஒண்ண?"

"தினம் செய்றேன். ஐஸ் தண்ணி முதுவுல ஒழுக ஒழுகத் தூக்கறது எனக்கு ஆசைன்னு நெனச்சீங்களா?"

"அது பிழைப்பு. பிழைக்கணும்ங்கற ஆசை அடியில இருக்கு. அடியில ஒரு ஆசையும் இல்லாம, வேண்டவே வேண்டாம்னு நெனைக்கற ஒண்ண."

"கேளுங்க. என்னா?"

"உள்ள வந்து என்கூட உக்காந்து சாப்பிடு."

அவருக்குத் தெரியும். நான் வாடிக்கை வீட்டில் கை நனைக்க மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், வேறொரு தெருவில், ஒரு வீட்டு அம்மா பழைய சாதத்தைக் கிழிந்த இலையில் வைத்து, வாசப்படிக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனார். நான் அதை எடுக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தெருப் பக்கமே அப்புறம் போகவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டிலும் தண்ணீர்கூட என் பாட்டிலிலிருந்துதான். டீச்சர் எத்தனையோ தீபாவளிக்குக் கூப்பிட்டிருக்கிறார். பலகாரத்தைக் கட்டிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போய் வீட்டில்தான் தின்பேன். அது என் மானம். யாருக்காகவும் அதை நான் இறக்கி வைத்ததில்லை.

அந்த இடத்தில் என் மனசு எப்படி இருந்தது என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். டீச்சர் பிழைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அடியில் இருந்தது, அதனால்தான் செய்தேன் என்று பின்னால் டீச்சரே சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் தேடிப் பார்த்தபோது அப்படி ஒன்று கையில் அகப்படவில்லை. அவர் மேல் எனக்கு அப்போது கோபம்தான் இருந்தது. திரும்பிப் போகும் ரயிலுக்கு நேரமாகிறது, மீன் கெட்டுவிடும், போய்விடலாம் என்றுதான் இருந்தது. முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகிறோம், அடுப்பில் பால் பொங்குகிறது. ஓடிப்போய் இறக்கிவிடுகிறோம். பால் நம்முடையதில்லை, நமக்கு வேண்டவும் வேண்டாம். பால் பொங்குகிறது என்பது மட்டும்தான் தெரிகிறது. எனக்கு அப்படித்தான் இருந்தது. அவர் எலும்பாக நிற்கிறார், ஒரு தட்டுச் சோறு நடுவில் இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றினேன்.

"மேஜையிலதான் உக்காருவேன். கீழ உக்கார மாட்டேன்" என்றேன்.

"யாரு ஒன்ன கீழ உக்காரச் சொன்னது? மேஜை தொடச்சே ரெண்டு மாசமாச்சு. இரு, தொடைக்கறேன்" என்றார்.

கூடையிலிருந்து நாலு கிழங்கான் எடுத்து நான் உரசினேன். அவர் குக்கர் வைத்தார். காரம் கம்மியாகக் குழம்பு நானே கூட்டினேன். எந்தத் தட்டு எனக்கு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒளித்துச் சொல்வானேன், அதைத்தான் பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்தார். ஒன்றின் ஓரத்தில் அவருடைய கணவர் பெயர் வெட்டியிருந்தது. அதை என் முன்னால் வைத்தார். இரண்டிலும் சோறு போட்டார்.

முதல் வாயை வைத்ததும் அவரால் விழுங்க முடியவில்லை.

"பஞ்ச மெல்ற மாதிரி இருக்கு."

"பஞ்சுன்னே நெனச்சு முழுங்குங்க. எனக்கு மட்டும் இனிக்குதா? நானும் முழுங்கறேன்."

உண்மையாகவே எனக்கும் இறங்கவில்லை. முப்பது வருஷம் கட்டிக்காத்த மானம் குறுக்கே நின்றது. இரண்டு கிழவிகளும் தட்டைப் பார்த்துக்கொண்டு, தண்டனை போல மென்றுகொண்டிருந்தோம். அவர் நாலு வாய் தின்றார். ஐந்தாவது வாயைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டார். நான் முழுத் தட்டையும் தின்றேன், வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று ஐஸ் கரைந்து, கடைசி மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மத்தியான பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு எனக்குச் சாதகமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். என் சோறு என் தூக்குவாளியில் வரும். அவர் சோறு அவருடையது. குழம்பு பொது. காலையில் போணி, பதினோரு மணிக்குத் திரும்பும்போது சாப்பாடு. இப்படியானால் நான் யார் வீட்டிலும் சாப்பிடவில்லை, என் சோற்றை ஓரிடத்தில் உட்கார்ந்து தின்கிறேன், அவ்வளவுதான். டீச்சர் இதைக் கேட்டு, "இந்த மாதிரி சப்பைக்கட்டுக்குத்தான் நாங்க பரீட்சையில மார்க் குறைப்போம்" என்றார். அந்த மாதம் டாக்டர் எடை பார்த்தார். ஏறவில்லை, இறங்கவும் இல்லை. மகள் லீவைத் தள்ளிப் போட்டாள். பசி வந்துவிட்டதா என்று நான் தினம் கேட்பேன். இல்லை என்பார். ருசி? இல்லை. ஆனாலும் தட்டை எடுத்து வைப்பார்.

பங்குனியில் எனக்கு வலது முழங்கால் வீங்கிவிட்டது. நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. டீச்சருக்குப் போன் போட்டேன். "சாப்புட்டீங்களா?" என்றால் "ம்" என்பார். ம் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. கால் வலியைவிட அதுதான் வலித்தது. என் பொய்யைக் கண்டுபிடித்தவருக்குத் தன் பொய்யைச் சொல்லவா தெரியாது? அடுத்த வாரம் மறுபடியும் எடை பார்க்கிற நாள் வருகிறது.

ஐந்தாம் நாள் காலை நொண்டிக்கொண்டே ரயிலேறினேன். பச்சைக் கதவு திறந்துதான் இருந்தது. கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்டேன்.

"நெசமா சொல்லுங்க. நாலு நாளும் சாப்புட்டீங்களா?"

"மூணு நாள் சாப்பிட்டேன். ஒரு நாள் சாப்பிடல."

"பசிச்சுதா?"

"இல்ல."

"நானும் இல்ல, பாக்கறதுக்கு யாரும் இல்ல. பின்ன எதுக்கு சாப்புட்டீங்க?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார் டீச்சர். வகுப்பில் நிற்கிற மாதிரி ஒரு விரலைத் தூக்கினார். அந்த விரலை நான் ஐப்பசிக்குப் பிறகு பார்க்கவில்லை. "ஆசை இல்ல. பசி இல்ல. ஒனக்காகவும் இல்ல, நீ ஊர்ல கிடக்கற. அப்ப எந்தக் காரணத்துல என் கை தட்ட எடுக்குதுன்னு யோசிக்க ஆரம்பிச்சேன். யோசிச்சு யோசிச்சு நாலாவது நாள் சாப்பிடவே மறந்துட்டேன்."

அந்த ஒரு நாளுக்காக அவரை நான் திட்டிய திட்டு எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டிருக்கும். திட்டி முடித்து, முழங்காலை நீட்டி உட்கார்ந்து, கிழங்கானை எடுத்து உரச ஆரம்பித்தேன்.

"இனிமே யோசனையெல்லாம் சாப்புட்டப்புறம் வெச்சுக்குங்க" என்றேன்.

"அரைக்கிலோவா போடு" என்றார் அவர்.